உளி தெரிந்த ஊருக்கு ஒரு விற்பனைத் திட்டம்

பெரம்பலூரிலிருந்து திருச்சி போகும் சாலையில் சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் இருக்கிறது. வாரத்தில் திங்கள், வெள்ளி இரண்டு நாள்தான் அங்கே நடை திறப்பு. சில விசேஷ நாட்கள் தனிக்கணக்கு. கோயில் வாசலில் பூ, தேங்காய், மாவிளக்குச் சாமான் விற்பவர்களின் வியாபாரம் முழுக்க இந்த இரண்டு நாளில் முடிந்தாக வேண்டும். திங்கட்கிழமை வந்து இறங்கிய பூ செவ்வாய்க்கிழமை யாருக்கும் ஆகாது. எந்த மாதத்தில் கூட்டம் ஏறும், வெளியூரிலிருந்து வேன் பிடித்து வருபவர்கள் எத்தனை மணிக்கு வந்து சேருவார்கள், எவ்வளவு விலை சொன்னால் பக்கத்துக் கடைக்கு நகர்ந்துவிடுவார்கள், மிஞ்சிய தேங்காயை யார் எடுத்துக்கொள்வார்கள் என்பதெல்லாம் தெரியாமல் அங்கே கடை போட முடியாது. எந்தக் காகிதத்திலும் எழுதப்படாவிட்டாலும் இது முழுமையான ஒரு விற்பனைத் திட்டம்.

வாரம் ஏழு நாளும் திறந்திருக்கும் கடைக்கு இப்படி ஒரு நெருக்கடி இல்லை. அதனால் திட்டமும் இல்லாமல் போகிறது. நகையை அடகு வைத்து, வங்கியில் கடன் வாங்கி, இயந்திரம் இறக்கி, ஃப்ளெக்ஸ் பேனர் கட்டி, திறப்பு விழா அன்று சொந்தபந்தங்களுக்கு இனிப்பு கொடுத்துத் தொழில் தொடங்குகிறார்கள். முதல் மாதம் தெரிந்தவர்கள் வாங்குகிறார்கள். மூன்றாவது மாதம் தவணை கட்டும் தேதி நெருங்கும்போதுதான், இந்தச் சரக்கை யாருக்கு விற்கப்போகிறோம் என்ற கேள்வி முதன்முதலாக எழுகிறது. கடனுக்காக வங்கிக்குக் கொடுத்த திட்ட அறிக்கையில் சந்தை வாய்ப்பு என்று ஒரு பகுதி இருந்திருக்கும். அதை அறிக்கை தயாரித்துக் கொடுத்தவர் எழுதியிருப்பார். தொழில் நடத்துபவர் ஒருமுறைகூடப் படித்திருக்க மாட்டார். சிறுதொழில்கள் படுத்துவிடுவதற்குத் தரக்குறைவை மட்டும் காரணம் சொல்வது நியாயமில்லை. நல்ல சரக்கும் வாங்குபவரைப் போய்ச் சேராமல் அடுக்கில் கிடக்கிறது.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பெரம்பலூர் மாவட்டத்தின் மக்கள்தொகை 5,65,223. அன்றைய தமிழ்நாட்டு மாவட்டங்களில் இதுதான் மிகக் குறைவு. அரியலூரில் 7,54,894 பேர். இரண்டையும் கூட்டினாலும் பதின்மூன்று லட்சத்தைச் சற்றே தாண்டுகிறது. அதிலும் பெரும்பகுதி கிராமங்களில். உள்ளூரில் மட்டும் விற்று ஒரு பொருளைப் பெரிதாக வளர்க்க இங்கே ஆள் போதாது. ஆனால் வெளியூர்ச் சந்தை தினமும் இந்த மண்ணைக் கடந்துதான் போகிறது. சென்னை–திருச்சி தேசிய நெடுஞ்சாலை பெரம்பலூர் வழியாக ஓடுகிறது. பெரம்பலூர் நகரத்துக்கு ரயில் இல்லை என்றாலும், விழுப்புரத்திலிருந்து திருச்சி செல்லும் கார்டு லைனில் அரியலூர் நிலையம் இருக்கிறது. பாதைகள் இருந்தும் பொருள் வெளியே போகாவிட்டால், யாரிடம் போக வேண்டும் என்று யாரும் முடிவு செய்யவில்லை என்றுதான் பொருள்.

அரும்பாவூரை எடுத்துக்கொள்ளலாம். வேப்பந்தட்டை வட்டத்தில், பச்சைமலை அடிவாரத்து ஊர். அங்கேயும் பக்கத்துத் தழுதாழையிலும் தலைமுறை தலைமுறையாக மரச்சிற்ப வேலை நடக்கிறது. மா, வேம்பு, மாவிலிங்கம் போன்ற மரங்களில் ஒரே கட்டையைக் குடைந்து உருவத்தை எடுப்பது இந்த ஊர்க் கைவேலையின் சிறப்பு. கோயில் தேர், வாகனம், தெய்வச் சிலை எல்லாம் இங்கிருந்து போகின்றன. 2020-இல் அரும்பாவூர் மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

செய்தித்தாள்களில் பெருமையாகப் படம் வந்தது. அதற்குப் பிறகு?

புவிசார் குறியீடு சட்டப்படி ஒரு வேலி. வேறு ஊரில் செய்த சிற்பத்தை அரும்பாவூர்ச் சிற்பம் என்று விற்க முடியாதபடி அது தடுக்கும். வாங்குபவரைக் கையைப் பிடித்து அழைத்துவரும் வேலை அதற்குக் கிடையாது. அந்தப் பெயரைச் சட்டப்படி பயன்படுத்த விரும்பும் கைவினைஞர் ஒவ்வொருவரும் சென்னையில் உள்ள புவிசார் குறியீட்டுப் பதிவகத்தில் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தனித்தனியே பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவு பத்தாண்டு செல்லும். பிறகு புதுப்பிக்க வேண்டும். பதிவு செய்த பிறகும் சிற்பத்தின் அடியில் முத்திரை ஒட்டியிருக்கிறதா, அந்த முத்திரைக்கு என்ன அர்த்தம் என்று வாங்குபவருக்கு யார் சொல்கிறார்கள், அதனால் விலையில் நூறு ரூபாயாவது கூடுகிறதா என்பதெல்லாம் செய்பவர் யோசிக்க வேண்டியவை.

ஓர் இளம் சிற்பி தன் பட்டறைக்குத் திட்டம் எழுத உட்கார்ந்தால் முதலில் வாங்குபவர்களைப் பிரித்து எழுத வேண்டியிருக்கும். தேரும் வாகனமும் கேட்கும் கோயில் நிர்வாகங்கள் ஒரு வகை. அங்கே ஒரு வேலை மாதக்கணக்கில் ஓடும். பணம் தவணை தவணையாக வரும். ஆர்டர் பெரிது, எண்ணிக்கை குறைவு. கைவினைப் பொருள் கடைகள் இன்னொரு வகை. தமிழ்நாடு அரசின் பூம்புகார் விற்பனை நிலையங்கள் இதில் அடக்கம். அங்கே ஒரே மாதிரி உருவங்கள் சீராக வேண்டும், விலை கட்டுப்பட வேண்டும். புதுவீடு கட்டிப் பூசையறைக்கும் தலைவாசலுக்கும் சிற்பம் தேடுகிறவர்கள் மூன்றாவது வகை. இவர்களுக்கு நேரடியாக விற்றால் இடையில் கழியும் பங்கு சிற்பிக்கே மிஞ்சும். ஆனால் இவர்கள் அரும்பாவூரைத் தேடி வர மாட்டார்கள். கட்டட இன்ஜினியர், இன்டீரியர் வேலை செய்பவர், மர வியாபாரி மூலமாகத்தான் அவர்களை எட்ட முடியும். சிங்கப்பூர், மலேசியா, கனடா போன்ற நாடுகளில் உள்ள தமிழர் கோயில்கள் வேறொரு சந்தை. அங்கே மரத்தைப் பதப்படுத்திய சான்றும் ஏற்றுமதிக் காகிதங்களும் இல்லாமல் ஒரு சிற்பம்கூட நகராது.

நான்கு பேருக்கும் ஒரே பட்டறை ஒரே நேரத்தில் வேலை செய்ய முடியாது. இந்த வருடம் யார், அடுத்த வருடம் யார் என்று தேர்ந்தெடுப்பதுதான் திட்டத்தின் உயிர். அதைச் செய்தபிறகுதான் விலை, விளம்பரம், போட்டோ எல்லாம். மார்க்கெட்டிங் என்றதும் நம் ஊரில் பலருக்கு நோட்டீசும், மைக் கட்டிய ஆட்டோவும், லோக்கல் கேபிள் விளம்பரமும், இப்போது இன்ஸ்டாகிராம் ரீல்சும்தான் நினைவுக்கு வருகின்றன. அவை கடைசிப் படி. யாருக்கு என்று தெரியாமல் செய்த விளம்பரத்துக்குப் போட்ட பணம் கரைந்துபோன பணம்தான். பொருள், விலை, இடம், விளம்பரம் என்ற நான்கையும் சேர்த்தே யோசிக்க வேண்டும் என்று அமெரிக்கப் பேராசிரியர் ஜெரோம் மெக்கார்த்தி 1960-இல் பாடப்புத்தகம் எழுதினார். உலகத்து வணிகக் கல்லூரிகளெல்லாம் இன்றும் அதைச் சொல்லித்தருகின்றன. அந்த நான்கில் விளம்பரம் ஒன்றே ஒன்று.

யாருக்கு விற்பது என்ற தேர்வு எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே நல்ல சான்றுகள் உண்டு. ஆர்.ஜி. சந்திரமோகன் 1970-இல் 13,000 ரூபாய் முதலீட்டில் சென்னை ராயபுரத்தில் ஐஸ் தயாரிப்பு தொடங்கினார். அருண் ஐஸ்கிரீம் அங்கிருந்து வந்ததுதான். சென்னையின் பெரிய கடைகளைப் பெரிய நிறுவனங்கள் ஏற்கெனவே பிடித்து வைத்திருந்தன. அவர்களோடு மோதாமல் கல்லூரி விடுதிகளுக்கும் கேன்டீன்களுக்கும் விற்றார். பிறகு பெரியவர்கள் எட்டிப் பார்க்காத சிறு நகரங்களுக்குப் போனார். இன்றைய ஹட்சன் நிறுவனம் அந்த முடிவின்மேல் எழுந்தது.

அரியலூருக்குப் பக்கத்து மாவட்டமான கடலூரின் கதை இன்னும் நெருக்கமானது. சி.கே. ரங்கநாதன் குடும்பத் தொழிலிலிருந்து பிரிந்து 1983-இல் 15,000 ரூபாயோடு சிக் ஷாம்பூவைத் தொடங்கினார். பாட்டில் வாங்க முடியாதவர்களுக்குச் சிறு சாஷேயில் ஷாம்பூ கொடுக்கும் யோசனை அவருடைய தந்தை சின்னிகிருஷ்ணனுடையது. மகன் அதைக் கிராமங்களுக்குக் கொண்டுபோனார். ஷாம்பூவே போட்டறியாத ஊர்களில், மக்கள் முன்னால் பையன்களின் தலையில் தேய்த்துக் கழுவிக் காட்டினார்கள். எந்தக் கம்பெனியின் காலி சாஷேயானாலும் ஐந்து கொண்டுவந்தால் ஒரு சிக் இலவசம் என்று அறிவித்தார்கள். அது பழகியதும், சிக்கின் காலி சாஷே மட்டும்தான் செல்லும் என்று விதியை மாற்றினார்கள். இதில் ஒவ்வொரு அடியும் முன்கூட்டி யோசித்தது. யார் வாங்குவார் என்பது முடிவான பிறகு அளவு வந்தது. அளவிலிருந்து விலை வந்தது. பழக்கமில்லாதவரிடம் பழக்கத்தை உண்டாக்கும் வழி அதற்கடுத்து வந்தது. பணம் குறைவாக இருந்ததுதான் இவ்வளவு யோசிக்க வைத்தது என்று தோன்றுகிறது. கையில் கோடி இருப்பவர் நான்கு விளம்பரம் வீணாய்ப்போனால் ஐந்தாவது போடலாம். பதினைந்தாயிரம் இருப்பவருக்கு அந்த வசதி இல்லை. சிறுதொழிலுக்குத்தான் திட்டம் அதிகம் தேவை என்பதன் காரணம் இங்கேயே இருக்கிறது.

பெரம்பலூர் மாவட்டத்தின் பெயரைக் கோயம்பேடு வரை கொண்டுபோயிருப்பது சின்ன வெங்காயம். செட்டிகுளம், நாட்டார்மங்கலம், பாடாலூர் பக்கம் போனால் வயலோரத்தில் வெங்காயப் பட்டறைகளைக் காணலாம். விலை ஏறும்வரையோ அடுத்த விதைப்புவரையோ காற்றோட்டமாக வெங்காயத்தைச் சேமிக்க விவசாயிகள் போடும் அமைப்பு அது. எல்லாரும் ஒரே சமயத்தில் அறுத்தால் விலை விழுகிறது. பட்டறையில் வைத்தால் அழுகலும் எடைக்குறைவும். வெளிநாட்டை நம்பியவர்களுக்கும் நிம்மதியில்லை. 2023 டிசம்பர் 8-ஆம் தேதி மத்திய அரசு வெங்காய ஏற்றுமதிக்குத் தடை போட்டபோது, வட இந்தியாவின் பெரிய வெங்காயத்தோடு இந்தச் சின்ன வெங்காயமும் சேர்ந்தே மாட்டிக்கொண்டது. 2024 மே மாதம்தான் தடை விலகியது. ஒரே ஒரு சந்தையைப் பார்த்து நிற்பவர், டெல்லியில் போடும் ஒரு கையெழுத்தில் விழுந்துவிடுகிறார்.

வெங்காயத்தைப் பொருளாக மாற்றி விற்றால் என்ன என்று யோசிக்கும் மகளிர் குழு ஒன்றை உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். சித்திரை வெயிலில் தாளிப்பு வடகம் போடத் தெரிந்த கைகள் இந்தப் பகுதியில் ஏராளம். ஆனால் பக்கத்து வீட்டுக்காரிக்கும் அந்தக் கை உண்டு. அவள் காசு கொடுத்து வாங்க மாட்டாள். வாங்கப்போகிறவர் மொட்டைமாடி இல்லாத சென்னை அபார்ட்மென்டிலோ, பெங்களூரிலோ, வளைகுடாவிலோ இருக்கிறார். லப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் போன்ற ஊர்களிலிருந்து வெளிநாட்டு வேலைக்குப் போனவர்கள் நிறைய. விடுமுறை முடிந்து திரும்பும்போது அவர்கள் கட்டும் பெட்டியில் ஊர்ச் சாமான் இல்லாமல் இருக்காது. அந்தப் பெட்டியில் இடம் பிடிக்க வேண்டுமானால் எண்ணெய் கசியாத, வாசனை வெளியே வராத, கெட்டியான பாக்கெட் வேண்டும். உள்ளூர் மளிகைக் கடையில் தொங்கும் மெல்லிய கவர் அங்கே உதவாது. யாருக்கு என்பது மாறினால் பாக்கெட்டின் உறையும் மாறுகிறது.

இனி கணக்கு. கீழே வருபவை விளக்கத்துக்காக வைத்துக்கொண்ட எண்கள். ஒவ்வொரு குழுவும் தன் எண்ணைப் போட்டுப் பார்க்க வேண்டும். 200 கிராம் பாக்கெட் ஒன்றின் விலை 150 ரூபாய். வெங்காயம், உளுந்து, எண்ணெய், கூலி, உறை, லேபிள் எல்லாம் சேர்த்துச் செலவு 80. கடை மூலம் விற்றால் கடைக்காரருக்கு 20 சதவீதம், அதாவது 30 ரூபாய். ஊர் ஊராகக் கொண்டுபோய்ப் போடும் விநியோகஸ்தருக்கு 8 சதவீதம், 12 ரூபாய். வண்டி, சேதாரம் என்று 5. குழுவின் கைக்கு வருவது 103. செலவு போக நிற்பது 23.

‘நேரடியாக வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்து கூரியரில் அனுப்பினால் 150-ம் நமக்குத்தானே’ என்று தோன்றும். ஒரு பாக்கெட் அனுப்ப கூரியருக்கு 50 ரூபாய் போனால் மிஞ்சுவது 20. கடைக்குப் போட்டதைவிடக் குறைவு! அதே கூரியரில் ஐந்து பாக்கெட்டை ஒரு பெட்டியாக 90 ரூபாய்க்கு அனுப்பினால் பாக்கெட்டுக்கு 18 ரூபாய்தான் செலவு, மிஞ்சுவது 52. ஆக, நேரடி விற்பனையில் ஒற்றைப் பாக்கெட் ஆர்டரே எடுக்கக் கூடாது. ஐந்தின் பெட்டியாகத்தான் விற்க வேண்டும். பெட்டி நிறைய ஒரே வடகம் யாருக்கும் வேண்டாம் என்றால், இரண்டு வடகம், ஒரு பூண்டு ஊறுகாய், இரண்டு பொடி என்று கலந்து கட்ட வேண்டும். கால் மணி நேரம் நோட்டில் போட்ட கணக்கு, குழு என்னென்ன செய்ய வேண்டும் என்பதையே மாற்றிவிட்டது. இதைப் போடாமல் ஆறு மாதம் ஒற்றைப் பாக்கெட் அனுப்பிக்கொண்டிருந்தால், ஆர்டர் கூடக் கூட உழைப்பு கூடும், கையில் காசு நிற்காது.

இன்னொன்று. வடகம் வெயில் காலத்தில் போடுவது. விற்பனை வருடம் முழுக்க. கடைக்குக் கடனில் போட்ட ஆயிரம் பாக்கெட் என்றால் 80,000 ரூபாய் தெருவில் நிற்கிறது. அது திரும்பி வரும்வரை அடுத்த வெங்காயம் வாங்க யார் பணம் என்பதும் திட்டத்தில் இருக்க வேண்டும். எத்தனையோ குழுக்கள் லாபத்தில் இருந்துகொண்டே பணமில்லாமல் நின்றுபோகின்றன. கேட்கவே வேதனையான விஷயம் இது.

அரியலூரில் பிரச்சினை வேறு வடிவம் எடுக்கிறது. சுண்ணாம்புக்கல் மண் அது. அரசின் டான்செம் ஆலையோடு ராம்கோ, அல்ட்ராடெக், டால்மியா என்று தனியார் சிமெண்ட் ஆலைகளும் சூழ்ந்திருக்கின்றன. லாரிப் பட்டறை, டயர்க் கடை, லேத், மெஸ், ஆள் சப்ளை என்று நூற்றுக்கணக்கான சிறுதொழில்கள் இவற்றைச் சுற்றியே வாழ்கின்றன. வாடிக்கையாளர் யார் என்ற குழப்பம் இவர்களுக்கு இல்லை. ஒரே வாடிக்கையாளரை நம்பியிருப்பதுதான் ஆபத்து. சிமெண்ட் விலை சரிந்தாலோ, ஆலை சில நாள் நின்றாலோ, ஒப்பந்தம் கைமாறினாலோ மெஸ்ஸின் அடுப்பும் அணையும். மொத்த வரவில் பாதிக்குமேல் ஒரே இடத்திலிருந்து வருகிறதென்றால், இரண்டாவது வாடிக்கையாளரைத் தேடுவதே அந்த வருடத் திட்டத்தின் முதல் வரியாக இருக்க வேண்டும்.

இவர்களில் பலருக்குத் தெரியாத ஒரு சட்டப் பாதுகாப்பும் உண்டு. உத்யம் பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்திடம் பொருளோ சேவையோ வாங்கியவர், எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குமேல் பணத்தை இழுத்தடிக்கக் கூடாது என்கிறது 2006-ஆம் ஆண்டின் எம்.எஸ்.எம்.இ. வளர்ச்சிச் சட்டம். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டியாக. உத்யம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. அரசு அலுவலகங்கள் கொள்முதல் செய்யும் ஜெம் இணையதளத்தில் விற்கவும் இந்தப் பதிவு உதவும். மாவட்டத் தொழில் மையத்தில் விசாரித்தால் வழி சொல்வார்கள்.

ஜெயங்கொண்டம் பக்கம் இலையூர், வாரியங்காவல் ஊர்களில் பட்டுத் தறி ஓடுகிறது. ஆண்டிமடம், செந்துறை வட்டாரத்தில் முந்திரி விளைந்து, கொட்டையாகவே பண்ருட்டிப் பக்கத்து ஆலைகளுக்குப் போகிறது. இரண்டிலும் உழைப்பு இங்கே, பெயர் வேறெங்கோ. இதையெல்லாம் ஒரு தனிக் கடைக்காரர் மாற்றிவிட முடியாது. கூட்டுறவுச் சங்கமும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனமும் சேர்ந்து திட்டம் போட வேண்டிய அளவு பெரியது. ஆனால் தொடங்க ஓர் இடம் கண்முன்னே நிற்கிறது. யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமான கங்கைகொண்ட சோழபுரம் ஜெயங்கொண்டத்துக்கு அருகில்தான் இருக்கிறது. ஆடித் திருவாதிரை, ஐப்பசி அன்னாபிஷேகம் என்று கூட்டம் வரும் நாட்கள் முன்கூட்டியே தெரியும். 2025 ஜூலை 27-இல் பிரதமர் வந்தபோது நாடே அந்த ஊரைப் பார்த்தது. கோயிலைப் பார்த்துவிட்டுத் திரும்பும் குடும்பம் கையோடு எடுத்துப்போக அந்த மாவட்டத்து முந்திரி கால் கிலோ, ஊர்ப்பெயர் அச்சிட்ட நல்ல உறையில் இருந்தால், அந்த உறையே அடுத்த ஆர்டருக்கு விலாசமாகும். கடையின் பெயரும் போன் நம்பரும் கூகுள் மேப்பில் சரியாக இருப்பதற்குச் செலவே இல்லை. ஆனாலும் எத்தனை கடைகள் அதைக்கூடச் செய்யாமல் இருக்கின்றன!

திட்டம் என்றால் தடித்த கோப்பு என்று பயப்பட வேண்டாம். நாற்பது பக்க நோட்டில் நான்கு பக்கம் போதும். யாருக்கு விற்கிறோம், அவர் இப்போது யாரிடம் வாங்குகிறார், நம்மிடம் ஏன் வர வேண்டும் என்பது ஒரு பக்கம். விலைக் கணக்கு ஒரு பக்கம். எந்த மாதத்தில் எந்தத் திருவிழா, எந்தக் கல்யாண சீசன், எப்போது சரக்கு சேர்க்க வேண்டும் என்ற காலண்டர் ஒரு பக்கம். விளம்பரத்துக்கு மாதம் இவ்வளவுக்குமேல் போவதில்லை என்ற வரம்பும், அதில் வந்த ஆர்டர் எத்தனை என்ற குறிப்பும் கடைசிப் பக்கம். புது வாடிக்கையாளர் ஒவ்வொருவரிடமும் ‘எங்க கடையைப் பத்தி யார் சொன்னாங்க?’ என்று கேட்டுக் குறித்து வைத்தாலே, ஃப்ளெக்ஸ் பேனருக்குப் போன பணம் வேலை செய்ததா என்று மூன்றே மாதத்தில் தெரிந்துவிடும்.

இந்த நோட்டை இப்போதே திறக்க வேண்டிய காரணம் ஒன்றும் இரண்டு மாவட்டங்களிலும் வந்திருக்கிறது. பெரம்பலூர் மாவட்டம் எறையூர் சிப்காட்டில் 2023 நவம்பரில் காலணித் தொழிற்சாலை திறக்கப்பட்டது. ஜெயங்கொண்டத்தில் தைவான் நாட்டு டீன் ஷூஸ் நிறுவனத்தின் 1,000 கோடி ரூபாய் ஆலைக்கு 2024 நவம்பர் 15-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 15,000 பேருக்கு வேலை என்பது அறிவிப்பு. காலணி ஆலைகளில் வேலைக்குச் சேருபவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மாதச் சம்பளம் வாங்கும் ஆயிரக்கணக்கான பெண்கள் ஷிப்ட் நேரத்தில் ஒன்றாக வந்து ஒன்றாகத் திரும்புவார்கள். காலை ஷிப்டுக்கு முன் கட்டிக்கொடுக்கும் சாப்பாடு, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம், ஸ்கூட்டர் சர்வீஸ், மாலை ஷிப்ட் முடிந்து வருபவர்களுக்குத் திறந்திருக்கும் தையல் கடை, நறுக்கிய காய்கறி என்று அவர்களுக்கு வேண்டியவை நிறைய. ஆலை வாசலில் கடைகள் நிறைவதற்குள், எறையூருக்கும் ஜெயங்கொண்டத்துக்கும் போய் ஷிப்ட் எத்தனை மணிக்கு, பஸ் எங்கே நிற்கிறது, சம்பளம் எந்தத் தேதியில் என்று விசாரித்து எழுதிக்கொண்டு வருவதற்கு ஒரு நாள் போதும்.